ஜப்பான் பைனா, தாய்வான் அத்தியா, கொல்லை மரமா? டர்பன் பக்கம் போன்சாய் வளர்ப்பவர்களுக்கு

போன ஞாயிறு டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கைப்பேசியில் ஜப்பானியக் கண்காட்சிப் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) ஒன்று. அதையும் என் கொல்லை மேடையில் இருந்த அத்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க மரம் மரம் மாதிரி இருக்கு. நம்மது ஏன் தொட்டியில வச்ச செடி மாதிரியே இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. இதையே வேறு வேறு விதமாகப் பலர் கேட்கிறார்கள். ஒருவர் வருடக் கடைசி போனஸில் நல்ல ஜப்பான் மரம் ஒன்றை வாங்கிவிடலாமா என்கிறார். இன்னொருவர் தாய்வான் அத்தியில் மயங்கிக் கிடக்கிறார். மூன்றாமவருக்குக் கரும்புத் தோட்ட ஓரத்தில் முரட்டுத் தூரோடு ஒரு மரம் தெரியும், மண்வெட்டியோடு போகலாமா என்று யோசனை. மூன்று பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்காரி, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே. ஜோஹன்னஸ்பர்க் வாசகர்கள் கடைசிப் பகுதியையும் படிக்கவும். அங்கே கணக்கு மாறும்.

## முதலில் அளவுகோல்

நாட்டுக்கு நாடு தரம் வேறு என்கிறோமே, எதில் வேறு? நான் நான்கு இடங்களில் கண் வைப்பேன். தூரில் வேர்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி மண்ணைப் பிடித்திருக்கின்றனவா. தண்டு அடியில் பருத்து மேலே போகப் போக மெலிகிறதா, அல்லது விளக்குக் கம்பம் போல ஒரே பருமனா. கிளை இரண்டாகி, இரண்டு நான்காகி, நுனியில் சிம்பு சிம்பாகப் பிரிந்திருக்கிறதா. கடைசியாகத் தொட்டி: மரத்துக்குத் தொட்டியா, தொட்டிக்கு மரமா.

இவை மரத்தின் தரத்தை அளக்க. நாம் எதைத் தேர்வது என்பதற்கு வேறு ஐந்து கேள்விகள் உண்டு. நம் வெயிலும் ஈரமும் அதற்கு ஒத்துவருமா? எத்தனை வருடம் பிடிக்கும்? வாங்கும் விலைக்கு மேல் என்ன செலவு ஒளிந்திருக்கிறது? பக்கத்தில் கற்றுக்கொடுக்க ஆள் உண்டா? சட்டம் விடுமா?

ஒப்பிடுவதற்கு முன் ஒரு நியாயம் பேசிவிட வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டனில் ஜப்பான் பரிசாகத் தந்த ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. யமாகி குடும்பத்து மரம். 1625 முதல் வளர்ப்பில் இருப்பது, 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சில கிலோமீட்டர் தள்ளி இருந்து பிழைத்தது, 1976-இல் கடல் கடந்தது. டச்சுக்காரர் வான் ரிபேக் நம் கேப்பில் குடியேற்றம் அமைக்க வந்து இறங்கியது 1652. அதாவது அந்தத் தொட்டி மரம் கேப் டவுனை விட மூத்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்ற 1860-இல் அதற்கு 235 வயது. அப்படிப்பட்ட மரங்களில் பொறுக்கி எடுத்ததைப் படத்தில் பார்த்துவிட்டு, ஏழு வயதுக் கொல்லை மரத்தைக் குறை சொன்னால் எப்படி? அந்த நாட்டிலும் சந்தையில் குப்பை மரம் உண்டு. அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

## வழி ஒன்று: ஜப்பான் மரமும் ஜப்பான் முறையும்

சிம்பிலும் தூரிலும் ஜப்பானை அடிக்க ஆளில்லை. காரணம் கைவேலையின் நுணுக்கம் மட்டும் கிடையாது, வேலைப் பங்கீடும்தான். ஷிகோகு தீவின் தகமாட்சு நகரில் கினாஷி என்ற பகுதி. அங்கே பைன் மரங்களை நாம் கத்தரிக்காய் நடுவது போல வயலில் வரிசையாக நட்டு வருடக்கணக்கில் அடி பெருக்க வைக்கிறார்கள். அடி தேறிய மரம் வேறொருவர் கைக்குப் போய்க் கிளை அமைகிறது. பிறகு ஓமியா போன்ற இடங்களில் மெருகேறுகிறது. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோவை விட்டுப் பெயர்ந்த தோட்டக்காரர்கள் 1925-இல் உருவாக்கிய ஊர் ஓமியா. தொட்டி டோகோனாமே குயவரிடமிருந்து வரும். சீடப்பிள்ளை ஐந்து வருடமாவது குருவின் பட்டறையில் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, திட்டு வாங்குகிறான். இத்தனை கை பட்ட மரம்தான் 1934 முதல் டோக்கியோவில் நடக்கும் கொக்குஃபு கண்காட்சி மேடைக்கு வருகிறது. இங்கே நாற்று போடுவதிலிருந்து தொட்டி தேடுவது வரை ஒரே ஆள். அவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அந்த மரத்தை இங்கே கொண்டுவந்தால்? முதலில் விவசாயத் துறையின் இறக்குமதி அனுமதி, அங்கிருந்து தாவர நலச் சான்று. மண்ணோடு செடியைக் கொண்டுவர முடியாது. வேரைக் கழுவித்தான் அனுப்ப வேண்டும். பைனின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைதான் அதற்குப் பாதி உயிர். அதைக் கழுவிவிட்டு, மாதக்கணக்கில் தடைகாப்பில் வைத்து, வடகோளத்து வசந்தத்திலிருந்து தென்கோளத்து இலையுதிர் காலத்துக்குள் தள்ளுகிறோம். பிழைத்தால் அதன் அதிர்ஷ்டம். இந்த ஊரில் "ஜப்பான் மரம்" என்று விற்கப்படுபவற்றில் பல, இங்கேயே விதையில் வந்த கறுப்புப் பைனும் மேப்பிளும்தான். அது ஒன்றும் குறை இல்லை. விலையை மட்டும் கப்பல் மரத்து விலையாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கறுப்புப் பைன் கடற்கரை மரம், நம் உப்புக்காற்றைத் தாங்கும். வெள்ளைப் பைன் தாங்காது. மேப்பிளுக்குக் குளிர்த் தூக்கம் வேண்டும். உறைபனியே பார்க்காத டர்பனில் அது அரைத்தூக்கத்தில் கிடந்து, வருடத்துக்கு வருடம் நோஞ்சானாகும். 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கண்டறியப்பட்ட துளைப்பான் வண்டும் இப்போது நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் பரவி நிற்கிறது. மேப்பிள் இனம் அதற்கு விருந்து.

ஒளிந்திருக்கும் செலவு: அகடாமா, போன்சாய்த் தொட்டிக்கு இடும் குருணை மண். ஜப்பானிலிருந்து வர வேண்டியது. ஒரு பையின் விலைக்கு என் மருமகள் வாரக் காய்கறி வாங்கிவிடுவாள். இரண்டாவது, புத்தகத்தின் மாதக் கணக்கு. ஜூன் கடைசியில் பைனின் மெழுகுவர்த்தி போல நீளும் கொழுந்தைக் கிள்ளு என்று ஜப்பானியர் சொன்னால், நமக்கு அந்த வேலை டிசம்பர் கடைசியில், மார்கழியில். அப்படியே ஜூனில் கிள்ளி ஒரு மரத்தைக் கொன்ற புண்ணியம் எனக்குண்டு.

யாருக்கு நல்லது: பதினைந்து வருடம் பொறுக்கக் கூடியவர், ஊசியிலை மரம்தான் வேண்டும் என்று மனம் ஒட்டிப்போனவர், வாரத்தில் ஒருநாளாவது தெரிந்தவரிடம் போய் நிற்க முடிந்தவர். அப்போதும் இங்கே விதையில் வந்த கறுப்புப் பைனை வாங்குங்கள்.

## வழி இரண்டு: தெற்குச் சீனம், தாய்வான் வழி

குவாங்டாங் மாநிலத்தின் லிங்னான் முறைக்குக் கிளையை வளைக்கச் சுற்றும் கம்பி கூட அதிகம் வேண்டாம். வெட்டு, வளரவிடு, வேண்டிய பருமன் வந்ததும் மறுபடி வெட்டு, வேறு திசையில் வளரவிடு. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட மெலிந்தது, முந்தையதைவிடக் குட்டையானது. கிளை ஓவியத்தில் தூரிகை இழுத்தது போல முறிந்து முறிந்து போகும். குவாங்ஜோவில் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் கோங் தைச்சூவும், சூ ரென் என்ற பௌத்தத் துறவியும் இந்த முறையை நிலைநிறுத்தினார்கள். வெட்டினால் வெகுண்டு தழைக்கும் வெப்ப நாட்டு மரங்களுக்கென்றே பிறந்தது போன்ற முறை.

தாய்வான்காரர்கள் இதோடு ஜப்பானியக் கம்பியையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களின் அத்திகளில் தூர் மெழுகு உருகி ஓடியது போல இருக்கும். ரகசியம் வெப்பம். ஜப்பானில் பைன் வருடத்துக்கு ஒன்று இரண்டு முறை கொழுந்துவிடும். சூட்டில் அத்தி நிற்காமல் ஓடும், ஒரே பருவத்தில் பலமுறை கிள்ளலாம், இலை முழுக்க உருவி மறுபடி சின்ன இலை வரவைக்கலாம். சிம்பு சேரும் வேகம் அதனால்தான். டர்பனின் கோடையும் அப்படிப்பட்டதே. இதை நம் ஆட்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் குறை.

தாய்வான் மரமென்று இங்கே கிடைப்பது பெரும்பாலும் கல்லிச்சி, தமிழ்நாட்டிலும் வளரும் அதே அத்திச் சாதி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் முள்ளங்கி போலப் புடைத்த வேரோடு, மேலே சின்ன இலை ஒட்டுக்கட்டி, "ஜின்செங்" என்று விற்பார்கள். அந்த முள்ளங்கி முள்ளங்கியாகவே இருக்கும், ஒட்டின தழும்பும் போகாது. அந்தக் காசுக்கு நாற்றுப்பண்ணையில் சாதாரணக் கறுப்புப் பையில் நிற்கும் செடி வாங்கினால் நாலு வருடத்தில் அதை முந்திவிடலாம். மேல் சரளையைப் பசை போட்டு ஒட்டியிருக்கும் ஜுனிப்பரும் இதே சாதி. அதை வீட்டுக்குள் வைப்பவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் அது ஏற்கெனவே செத்துவிட்டது என்று கண்டுபிடிப்பார்கள்.

ஒளிந்திருக்கும் செலவு: நேரம். கோடையில் அத்திக்குக் கம்பி சுற்றினால் ஐந்தாறு வாரத்தில் பட்டைக்குள் புதைந்துவிடும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்து, அடுத்த வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று அலைந்தால் போதும், திரும்பி வரும்போது கிளை முழுக்கத் திருகாணித் தழும்பு. வெட்டிய இடம் ஆறவும் பொறுமை வேண்டும். ஒரு துண்டு சரியாக அமைய இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு நல்லது: கொல்லையில் இரண்டு மீட்டர் மண் உள்ளவர், கத்தரிக்கோலைக் கையில் எடுக்கப் பயப்படாதவர்.

## வழி மூன்று: இந்த மண்ணின் மரம்

என் சாய்வு இங்கேதான், மறைக்கவில்லை.

டர்பன் காட்டோரத்தில் நிற்கும் நேட்டால் அத்தியை ஜூலுக்கள் உம்தோம்பே என்பார்கள். உகாண்டாவில் இதே மரத்தின் பட்டையை உரித்துத் தட்டித் துணி செய்கிறார்கள். உரித்த இடத்தில் மறுபடி பட்டை கட்டிக்கொள்ளும். மணிக்கட்டுப் பருமன் கட்டையை ஊன்றினாலும் வேர்விடும். இப்படிப்பட்ட உயிர் உள்ள மரத்துக்குக் கத்தரிக்கோல் எம்மாத்திரம்? ஈரக்காற்றில் விழுதும் விடும். கோயில் ஆலமரத்தின் கீழ் வளர்ந்த நமக்கு விழுதுள்ள மரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிடச் சின்ன இலை வேண்டுமானால் பர்ட்-டேவி அத்தி. நாவலின் நெருங்கிய உறவான உம்டோனி இருக்கிறது, காலடியில் ஈரம் நின்றாலும் கோபிக்காது. காட்டு ஒலிவம், வெள்ளை ஸ்டிங்க்வுட், முள்மர வகைகள் உண்டு. ஈஸ்டர்ன் கேப்பில் யானை தின்னும் ஸ்பெக்பூம், இன்று அமெரிக்காவிலும் இந்தியாவிலும் போன்சாய்க்காரர்களின் செல்லப்பிள்ளை. நம் ஊர்ச் செடியை அவர்கள் "ஜேட்" என்று கொண்டாட, நாம் வேலிக்கு நட்டு வைத்திருக்கிறோம்.

வடிவமும் சொந்தமாக இருக்கிறது. பிரிட்டோரியாவின் சார்ல்ஸ் செரோனியோ ஆப்பிரிக்க மரங்கள் உண்மையில் எப்படி நிற்கின்றன என்று பார்த்து வடிவங்களை வகுத்தார்: தட்டைத் தலை, பாவோபாப், கிளைகள் மேல்நோக்கி விரிந்து குடையாகும் பியர்னீஃப் வடிவம். கடைசிப் பெயர் நம் நிலக்காட்சிகளை வரைந்த ஓவியர் பியர்னீஃபுடையது. கிளைகள் தரையில் படிந்து வேரூன்றிச் சின்னத் தோப்பாகவே ஆகிவிட்ட பிரிட்டோரியாவின் வொண்டர்பூம் அத்தியின் பெயரிலும் ஒரு வடிவம் உண்டு. கிளை கீழ்நோக்கிச் சாய்ந்த பைன் வடிவத்தை முள்மரத்தில் திணிக்கும்போதுதான் நம் மரங்கள் வேஷம் போட்டது போல இருக்கின்றன. தெருவில் நிற்கும் ஃபிளாட்கிரவுன் மரத்தை அண்ணாந்து பாருங்கள், அதன் தலை எப்படி அமர்ந்திருக்கிறது என்று. இலை பெரிதென்பதால் அந்த மரத்தைத் தொட்டியில் வளர்ப்பது கஷ்டம். அதன் உருவத்தை அத்தியில் கொண்டுவரலாம்.

கரும்புத் தோட்ட ஓரத்து மரத்தைப் பார்த்து வைத்திருப்பவருக்கு: நிலத்துக்காரர் அனுமதி, மாகாண இயற்கைப் பாதுகாப்பு அனுமதி இரண்டும் எழுத்தில் வேண்டும். பாவோபாப், மருலா, வெள்ளை மில்க்வுட், மஞ்சள்மரம் எல்லாம் தேசியக் காடுகள் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. கட்டடம் கட்ட இடித்துத் தள்ளப்போகும் மனையில் கேட்டு வாங்குவதுதான் நிம்மதி. மண்வெட்டியை அதுவரை வீட்டிலேயே வையுங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு என்று இங்கே பெரிதாக இல்லை, ஒளிந்திருக்கும் லாபம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் தண்ணீர் நிலையம் அடித்துப்போனது. பல மாதங்கள் லாரித் தண்ணீர். குளித்த தண்ணீரைத்தான் மரங்களுக்கு ஊற்றினேன், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆகஸ்டில் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து வரும் பெர்க் காற்று அனலாக வீசியபோது பதினோரு வருட மேப்பிள் போய்விட்டது. அத்திகள் இலையை உதிர்த்துவிட்டு, மழை வந்ததும் ஒன்றும் நடக்காதது போலத் துளிர்த்தன. ஸ்பெக்பூமுக்கு விஷயமே தெரியாது.

## ஒரே பார்வையில்

| | ஜப்பான் வழி | லிங்னான், தாய்வான் வழி | உள்நாட்டு மரம் |
|---|---|---|---|
| டர்பன் கடலோரம் | கறுப்புப் பைன் சரி, மேப்பிள் சிரமம் | மிகப் பொருத்தம் | மிகப் பொருத்தம் |
| பார்க்கும்படி ஆக (என் அனுபவம்) | 15 வருடத்துக்கு மேல் | 8–10 வருடம் | அத்தி 8–10, ஸ்பெக்பூம் 5–6 |
| வாங்கும் விலை | அதிகம் | நடுத்தரம் | கட்டை ஊன்றினால் இலவசம் |
| ஒளிந்த செலவு | மண், மாதக் குழப்பம், வண்டு | கம்பித் தழும்பு, நேரம் | தோண்டினால் அனுமதி அலைச்சல் |
| தண்ணீர் கிடைக்காமல் போனால் | தாங்காது | ஓரளவு | தாங்கும் |
| ஒப்பிட்டுப் பார்க்க முன்மாதிரி | ஏராளம் | நிறைய | குறைவு. வெளியே போய் மரம் பார்க்க வேண்டும் |

## எந்த மரமானாலும் தரம் ஏற

ஃபீனிக்ஸ் தம்பியின் கேள்விக்கு நேர் பதில் இங்கேதான். நம் மரங்கள் செடி போல இருப்பதற்கு நாடு காரணம் இல்லை. நாம் அவற்றை மிகச் சீக்கிரம் தொட்டிக்கு ஏற்றிவிடுகிறோம். தொட்டிக்குள் போன நிமிடமே தண்டு பெருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பென்சில் பருமனில் ஏற்றினால் பத்து வருடம் கழித்தும் பெரிய பென்சில்தான்.

என் அப்பா காய்கறித் தோட்டக்காரர். நாற்றை மேட்டுப்பாத்தியில் நடும் பழக்கம் கையில் ஒட்டியிருந்ததால் நானும் அத்தியை அப்படியே தரையில் நட்டேன். அடியில் ஒரு பீங்கான் ஓடு வைத்து, வேர்களை அதன்மேல் விரல்கள் போல விரித்து, மேலே மண். கீழே போக வழியில்லாத வேர் பக்கவாட்டில் ஓடும், தூர் விரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தோண்டி, கீழ்வேரை நறுக்கி, மறுபடி நட்டேன். உச்சியில் ஒரு குச்சியை மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் ஓடவிட்டு, அடி பெருத்ததும் அதை அறுத்தெறிந்தேன். ஏழு வருடம் அது மரம் என்றே யாரும் சொல்லவில்லை. வேலிக்கு என்னத்தையோ வளர்க்கிறாள் என்றார்கள்.

ஏற்கெனவே தொட்டியில் நிற்கும் மரத்தின் தூர் ஒருபக்கமாக இருந்தால் விண்பதியம் போட்டு, அதாவது தண்டை மரத்திலேயே வேர்விடச் செய்து, புதுத் தூர் செய்யலாம். அத்தியில் கோடையில் ஆறேழு வாரம் போதும். தைரியம்தான் வேண்டும்.

தொட்டி மண்ணில் நம் கடலோரச் சிவப்பு மணலைக் கலக்காதீர்கள். டர்பனின் பெரியா (Berea) மேட்டிலிருந்து வடகரை வரை கிடக்கும் அந்த மண் தோட்டத்துக்குத் தங்கம். தொட்டியில் செங்கல் போல இறுகிவிடும். சலித்த உம்கேனி ஆற்றுப் பருமணல், மக்கிய பைன் பட்டை, உடைத்த செங்கல் சில்லு: மூன்றையும் தூசி போகச் சலித்து, அகடாமாவை மறந்துவிடுங்கள்.

மாதக் கணக்குக்கு நான் நம் பண்டிகைகளையே வைத்துக்கொள்கிறேன். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார்; இங்கே ஆடி நடுக்குளிர் என்பது அவருக்கும் தெரியும். எல்ம், ஸ்டிங்க்வுட் போல இலை உதிர்ப்பவற்றுக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம் முடிகிறபோது தொட்டி மாற்று. அத்திக்குத் தீபாவளி கழித்து, சூடு பிடித்த பிறகு. இலை உருவுவது பொங்கலுக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் புது இலை முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கசக்கும். நாம் கூடும் இடங்களில் ஒருவர் மரத்தைக் கொண்டுவந்து வைத்தால் எல்லாரும் "சூப்பர்" என்கிறோம், பிறகு சமோசா சாப்பிடுகிறோம். ஜப்பானில் சீடன் வருடக்கணக்கில் கேட்பது குறையை. உங்கள் மரத்தைப் பற்றி மூன்று குறை சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். எண்ணிக்கையையும் குறையுங்கள். நான் 90 தொட்டி வைத்திருந்தபோது ஒன்றுகூட வெளியே காட்டும்படி இல்லை. 22 ஆனபோது மூன்று தேறின.

வாஸ்து கேட்பவர்களுக்கும் ஒரு வரி. போன்சாயை வீட்டுக்குள் வைத்தால் குடும்பம் வளராது என்று மாமியார் சொன்னால் எதிர்த்துப் பேச வேண்டாம். வெளியே வையுங்கள். மரத்துக்கு வேண்டியதும் அதுதான்.

## இடம் மாறினால்

ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் குளிர்காலத்தில் உறைபனி விழும். அங்கே வழி ஒன்றில் சொன்ன மேப்பிளும், எல்ம் மரமும் நன்றாகத் தூங்கி எழும், வண்டுக்குக் கண்காணிப்பு மட்டும் வேண்டும். உள்நாட்டில் வெள்ளை ஸ்டிங்க்வுட்டும் முள்மரமும் முதல் தேர்வு. அத்தியைப் பனிக்கு மறைத்து வைக்க வேண்டும், விழுதை எதிர்பார்க்காதீர்கள். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் வரும், கோடை காயும்: காட்டு ஒலிவம். மாடிவீட்டுப் பால்கனி மட்டும் உள்ளவர், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்: ஸ்பெக்பூம், வேறு யோசனையே வேண்டாம். டர்பன் கடலோரத்தில் கொஞ்சம் மண் உள்ள யாருக்கும் நேட்டால் அத்தி, லிங்னான் வெட்டு, செரோனியோ காட்டிய தலை.

போனஸ் பணக்காரர் என்ன செய்தார் தெரியவில்லை. ஃபீனிக்ஸ் தம்பி புறப்படும்போது மூன்று அத்திக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "அந்த ஓடு என்ன சைஸ் ஆன்ட்டி?" குளியலறைக்குப் போட்டது போக மீந்தது கராஜில் கிடந்தது. மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார்.